வாரைப் பிடி, ஹாரனுக்கு நில்!

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போய்த் திரும்பக் கொண்டுவந்து விடுகிற வேலையில் கால்தான் வலிக்கும் என்று நினைப்பீர்கள்; எனக்கு வலித்ததெல்லாம் கண். ரோட்டோரம் ஒரு சின்னக் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு நாளாவது நின்றவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கை நம் கையில் இருக்கும். புத்தி எதிர்ப்பக்கத்து ஆட்டுக்குட்டியின் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும். நாம் கொஞ்சம் அசந்தால் காலும் புத்தியோடு போய்ச் சேர்ந்துவிடும். உங்கள் வீட்டிலும் இதே கதைதானா? அப்படியென்றால் நீங்களும் நம்ம கட்சி, கேளுங்கள்.

எங்கள் பக்கம் மோட்டார் பஸ் ஓட ஆரம்பித்த புதுசு. ஆம்பூரில் இருந்த ஒரு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு மாதனூரிலிருந்தும் பெண்கள் வரத் தொடங்கினார்கள். காலையில் மாதனூர் புளியமரத்தடியில் அவர்களைச் சேர்த்து, பஸ் ஏற்றி, ஆம்பூரில் இறக்கி, ரோட்டைத் தாண்ட வைத்துப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். சாயங்காலம் அதே மாதிரி திரும்பக் கொண்டுவர வேண்டும். பள்ளிக்கூடத்தில் இந்த வேலைக்கு ஏதோ இங்கிலீஷ் பெயர் சொன்னார்கள். ஊரில் எனக்கு 'இட்னு போற எஸ்தர்' என்றுதான் பெயர்.

வேலைக்குப் பரீட்சை

பள்ளிக்கூடத்தை நடத்தியவர் ஒரு துரைசானி. வேலை கேட்டுப் போனபோது எழுதப் படிக்கத் தெரியுமா என்று கேட்பார் என்று நினைத்து, வழியெல்லாம் வேதப் புத்தகத்துச் சங்கீதம் ஒன்றை வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு போனேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பள்ளிக்கூட வாசலைக் காட்டி, "எஸ்தரே, அந்த மரம் மட்டும் ஓடிக் காண்பிப்பாயாக" என்றார். துரைசானிக்குத் தமிழ் பைபிளிலிருந்து வந்ததுதான்.

கல்யாணம் ஆனபிறகு நான் ஓடியதே இல்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். தோட்டக்காரர் வாளியைக் கீழே போட்டுவிட்டு வேடிக்கை பார்த்தார். மூச்சு வாங்கத் திரும்பி வந்து, "படிக்கவும் தெரியும்மா" என்றேன். துரைசானி சிரித்தபடி சொன்னார்: "படிப்பதற்கு உபாத்தியாயினிகள் இருக்கிறார்கள். எனக்கு வேண்டியது பஸ்ஸைவிட முந்தி ஓடுகிறவள்."

தபால்காரன் வேண்டாம்

பிள்ளைகளிலே சின்னவள் பத்மா. மாதனூரில் புளியமரத்தை ஒட்டி மளிகைக்கடை வைத்திருந்தவரின் மகள். துறுதுறு என்றால் அப்படி ஒரு துறுதுறு! நின்ற இடத்தில் நின்று நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் பள்ளிக்கூடம் போகிற முதல் பெண் அவள்தான். அப்பாவுக்கு அரைமனசு. முதல் நாளே கல்லாவில் உட்கார்ந்தபடி எனக்குக் கேட்கச் சத்தமாய்ச் சொல்லிவிட்டார்: "ரோட்ல ஒரே ஒரு தபா ஏதாச்சும் ஆச்சுன்னு கேள்விப்பட்டேன், அன்னியோட பள்ளிக்கூடம் கட்."

அவருக்குத் தெரியாமல் அம்மா ரங்கம்மா கடைக்குப் பின்னால் என்னைக் கூப்பிட்டாள். கண் கலங்கியிருந்தது. "எஸ்தரு, எங்கம்மா வூட்லர்ந்து கடுதாசி வந்தா தபால்காரன்தான் படிக்கிறான். வாசல்ல நின்னு உரக்கப் படிக்கிறான். என் தங்கச்சி மாமியாரு சண்டையெல்லாம் ஊருக்கே தெரிஞ்சி போச்சு. பத்மா ஒரு வருசம் படிச்சிட்டா போதும். சோளிங்கர் நரசிம்மர் புண்ணியத்துல அவள பத்திரமா இட்னு போய் இட்னு வா" என்றாள். பத்மாவின் படிப்பு என் கண்ணை நம்பி இருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு முழுசாக உறைத்தது. பத்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பஸ்ல ஜன்னல் ஓரமா யார் ஒக்கார்றது?"

பாம் பாம்

எங்கள் பஸ்ஸை ஓட்டியவர் மதார் பாய். தங்கமான மனுஷன். பிள்ளைகள் என்றால் உயிர். அவருக்கு இருந்த ஒரே கெட்ட பழக்கம் ஹாரன். ரப்பர் பந்தை அமுக்கினால் 'பாம் பாம்' என்று அலறுகிற அந்த ஹாரனைத் தினமும் துணிபோட்டுத் துடைப்பார். மாதனூர் புளியமரம் கண்ணில் பட்டதும், பிள்ளைகளுக்கு சலாம் சொல்வதுபோல அதை அமுக்குவார். அவ்வளவுதான்! "மதார் மாமா வந்துட்டாரு!" என்று என் பிள்ளைகள் அத்தனையும் நடுரோட்டுக்கு ஓடும். பத்மா எல்லாருக்கும் முந்தி நிற்பாள்.

ஒதுங்கிப் போ என்று சொல்லத்தான் ஹாரனை வைத்தார்கள். எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு அது சாப்பாட்டு மணி மாதிரி ஆகிவிட்டது. எந்த பஸ் அடித்தாலும் ஓடினார்கள். ஒரு நாள் வேறு கம்பெனி பஸ், எங்கள் ஊரில் நிற்காமல் போகிற வண்டி, ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. பத்மாவின் பாவாடையை நான் பிடித்த பிடியில் நாடா அறுந்து போனது. அறுந்த நாடாவை முடிந்துவிடுவதற்குள் மதார் பாய் வந்து சேர்ந்தார், அதே 'பாம் பாம்'. எனக்கு வந்ததே ஆத்திரம்! பஸ்ஸில் இருந்த அத்தனை பேர் முன்னாலும் வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டேன். பாவம், தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுசும் கேட்டார். கடைசியில் மெதுவாகச் சொன்னார்: "அரே எஸ்தரம்மா, என் வூட்டுக்காரி இத்தன வருசமா திட்ற திட்டெல்லாம் நீங்க ஒரே ஸ்டாப்புல திட்டிட்டீங்க."

சுண்ணாம்புக் கோடு

என் வீட்டுக்காரர் தேவசகாயம் பக்கத்திலே தோல் பதனிடுகிற ஒரு ஷாப்பில் வேலை பார்த்தார். தோலை ஊறவைக்கிற தொட்டிக்குச் சுண்ணாம்பு வரும். அதில் கீழே சிந்தியதைக் கொஞ்சம் வாங்கிவரச் சொல்லி, புளியமரத்தடியில் நீளமாய் ஒரு கோடு போட்டேன். "இந்தக் கோட்டத் தாண்டக் கூடாது. தாண்டுனா தோல உரிச்சிடுவேன்" என்று ஒரு அதட்டல். எல்லாரும் தலையாட்டினார்கள். எனக்கு என் மூளையை நினைத்து ஒரே பெருமை.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தால் என் கோட்டிலிருந்து நடுரோடு வரைக்கும் கட்டம் கட்டமாய்ப் பாண்டி வரைந்து, பத்மா ஒற்றைக் காலில் நொண்டியடித்துக்கொண்டு ரோட்டுக்குள் போய்க்கொண்டிருக்கிறாள். மீதிப் பேர் கோட்டுக்குப் பின்னால் ஒழுங்காய் வரிசை கட்டி, தங்கள் ஆட்டத்துக்குக் காத்துக்கொண்டிருக்கிறார்கள். பிள்ளைகளிலே மூத்தவள் கன்னியம்மாளைப் பிடித்து உலுக்கினேன். அவள் நியாயமாய்ப் பதில் சொன்னாள்: "நீங்க ஒரு கோடுதான் போட்டீங்க எஸ்தரம்மா. ஒரு கோட்ல எப்டி பாண்டி ஆட்றது?"

கல்லாய்ச் சமைகிற ஆட்டம்

அந்த நொண்டிதான் எனக்கு வழி காட்டியது. அதட்டினால் கேட்காத பிள்ளைகள் ஆட்டம் என்றால் கேட்கின்றன. மதார் பாயிடம் போய், "பாய், உங்க ஹாரன் எனக்கு வேணும்" என்றேன். திட்டு வாங்கிய பிறகு அவர் ஹாரனைத் தொடவே பயந்துகொண்டிருந்தார். நான் சொன்னதும் முகம் மலர்ந்துவிட்டது.

ஆட்டம் இதுதான். ஹாரன் சத்தம் கேட்டால் யாராயிருந்தாலும், எப்படி இருந்தாலும் அப்படியே கல்லாய் நின்றுவிட வேண்டும். கை தூக்கியிருந்தால் தூக்கினபடி, கால் எடுத்திருந்தால் எடுத்தபடி. நான் 'உயிர்' என்று சொன்னால்தான் அசையலாம். அசையாமல் நின்றவளுக்கு மதார் பாய் பையிலிருந்து கடலை மிட்டாய். பஸ் புறப்படுமுன் அவர் ஒரு அமுக்கு அமுக்குவார். பிள்ளைகள் அத்தனையும் கல். ஒருத்தி வாய் பிளந்தபடி, ஒருத்தி தலை சொறிந்தபடி. பஸ்ஸில் இருப்பவர்கள் தலையை நீட்டிச் சிரிப்பார்கள். சில நாளில் வண்டிமாட்டு மணி கேட்டாலும் நிற்கிற அளவுக்குப் பழகிவிட்டார்கள். பத்மாவுக்குத்தான் நிற்பது கஷ்டம். உதடு துடிக்கும், கண் உருளும், கடைசியில் அசைந்துவிடுவாள். மிட்டாய் கிடைக்காத ஒரு நாள் அழுதுகொண்டே என்னிடம் முறையிட்டாள்: "நான் நின்னுகினுதான் இருந்தேன் எஸ்தரம்மா, என் காலுதான் போய்ட்ச்சு."

தோல் மூட்டைக்காரர்

இறங்கும்போதும் ஒரு சட்டம் வைத்திருந்தேன். பஸ் கிளம்பிப் போனபிறகுதான் ரோட்டைத் தாண்ட வேண்டும். நிற்கிற பஸ்ஸின் முன்னால் புகுந்து ஓடினால், பின்னால் முந்திக்கொண்டு வருகிற வண்டி கண்ணுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் இரண்டு கம்பெனி பஸ்கள் ஆள் பிடிக்க ஒன்றையொன்று முந்திக்கொண்டு ஓடும்.

அதனால் ஒவ்வொருத்தியாய் இறக்கி, ஓரமாய் நிற்க வைத்து, அப்புறம்தான் மதார் பாய்க்குக் கை காட்டுவேன். பஸ் மேலே பச்சைத் தோல் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வியாபாரிக்குப் பொறுக்கவில்லை. வெயிலானால் வெயில், நாற்றமானால் நாற்றம். மூக்கைப் பொத்திக்கொண்டிருந்த ஜனங்களுக்கும் என்மேல்தான் கோபம். அவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினார்: "சீக்கிரம் எறக்கும்மா! உன் புள்ளைங்க எறங்கி முடிக்கிறதுக்குள்ள என் ஆட்டுத்தோல்ல மறுபடியும் மயிர் மொளச்சிடும் போல கீது!"

வார்

இத்தனை பிள்ளைகளுக்கு எனக்கு இரண்டே கை. இதைச் சொல்லிச் சொல்லிப் புலம்பியதில் என் வீட்டுக்காரர் ஒரு நாள் ஷாப்பில் கழித்துப்போட்ட துண்டுகளைக் கேட்டு வாங்கி, தைத்து, நீளமாய் ஒரு வார் செய்துகொண்டு வந்தார். பதமான எருமைத்தோல். பிள்ளைக்கு ஒன்றாய்ப் பிடித்துக்கொள்ள வளையம். முன்நுனி என் கையில். பிள்ளைகள் பார்த்தவுடனே அதை ரயில் ஆக்கிவிட்டார்கள். ஜோலார்பேட்டையில் கன்னியம்மாளின் சித்தப்பா ரயில்வேயில் இருந்ததால், கடைசி வளையத்தில் கார்டு வேலை அவளுக்குத்தான் என்று தீர்ப்பானது. ஒரு வேப்பிலைக் கொத்தை அவள் ஆட்டினால்தான் ரயில் ரோட்டைத் தாண்டும்.

ரங்கம்மா வாரைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போய்விட்டாள். "ஐயையோ, தோலா? தோலத் தொட்டுட்டு எம் பொண்ணு எப்டி வூட்டுக்குள்ள வருவா? அவ மட்டும் உன் முந்தானையப் புடிச்சினு வரட்டும்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. எங்கள் வீட்டில் அடுப்பு எரிவதே அந்தத் தோலில்தான். ஆனாலும் அவள் கெட்ட மனசுக்காரி இல்லை. அவள் வளர்ந்த வீடு அப்படி. பத்மாவுக்கோ ரயிலில் இடம் இல்லை என்ற துக்கம். "கோயில் மேளத்துலகூட தோலு கீதேம்மா" என்று சிணுங்கினாள். "அது சாமி மேளம்டி, வாய மூடு" என்றாள் அம்மா. பத்மா கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "அப்ப எஸ்தரம்மா இந்த வாரையும் ஒரு தபா சாமிக்குக் காட்டி எட்துனு வரட்டும்."

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு குரல்

சாயங்காலம் ஆம்பூரிலிருந்து திரும்பும்போது பஸ் கடைக்கு எதிர்ப்பக்கம் நிற்கும். அன்றைக்கும் பிள்ளைகளை இறக்கி ஓரமாய் நிறுத்தினேன். எல்லாரும் வாரைப் பிடித்திருந்தார்கள். பத்மா என் முந்தானையைப் பிடித்திருந்தாள். ரங்கம்மா அந்தப் பக்கம் கடைவாசலில் நின்றுகொண்டிருந்தாள். பஸ்ஸின் மூக்கைத் தாண்டி மகளின் பின்னல் தெரிந்ததும் ஆசை தாங்காமல், "பத்மா! அதிரசம் சுட்டு வச்சிக்கீறேன், வா!" என்று கூப்பிட்டுவிட்டாள். பெற்றவள் கூப்பிட்டால் எந்தப் பிள்ளை நிற்கும்? முந்தானை என் தோளிலிருந்து நழுவியதுதான் எனக்குத் தெரியும். பத்மா பஸ்ஸின் முன்னால் பாய்ந்துவிட்டாள். அதே நேரம் பின்னாலிருந்து அந்த இன்னொரு கம்பெனி பஸ், எங்கள் பஸ்ஸை முந்திக்கொண்டு, புழுதியைக் கிளப்பிக்கொண்டு வருகிறது.

எனக்குக் குரலே வரவில்லை. ஓடுகிறவள் என்றுதானே வேலைக்கு எடுத்தார்கள்? கால் தரையோடு ஒட்டிக்கொண்டது. மதார் பாய்தான் ஹாரனை அமுக்கினார். எப்போதும்போல் இரண்டு தடவை இல்லை. அமுக்கின கையை எடுக்கவே இல்லை. பஸ்ஸின் மூக்கு முடிகிற இடத்தில், இன்னும் ஒரு அடி வைத்தால் அந்தப் பக்கம், பத்மா அப்படியே நின்றாள். அவள் பாவாடை காற்றில் எழும்ப, அந்த பஸ் அவளை உரசினாற்போலப் பறந்துபோனது.

அந்த பஸ் மறைத்துவிட்டதால் ரங்கம்மாவுக்குப் புழுதி மட்டும்தான் தெரிந்தது. தலையிலடித்துக்கொண்டு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ பார்க்காமல் ரோட்டில் இறங்கினாள். அப்போதுதான் எனக்குக் குரல் வந்தது. "நில்லுங்கம்மா!" என்று கத்தினேன். அவளும் நின்றாள். நான் ஓடிப்போய்ப் பத்மாவின் முன்னால் மண்டிபோட்டேன். ஒரு கால் மண்ணில், ஒரு கால் மேலே. கண் மட்டும் உருண்டுகொண்டிருந்தது. வந்த பதற்றத்தில் அந்த வார்த்தையைச் சொல்ல மறந்தேபோனேன். உதட்டை அசைக்காமல் அவளே கேட்டாள்: "எஸ்தரம்மா, உயிர் சொல்லுங்க. காலு வலிக்குது."

மூட்டை முடிச்சு

ரங்கம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுத அழுகையை என்னால் இன்றைக்கும் நினைக்க முடியாது. அழுகை அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கு முன் அவள் என்னைத் தொட்டதே இல்லை. "எஸ்தரு, அவருகிட்ட சொல்லிடாத. உள்ள கணக்குப் பாத்துனு இருந்தாரு, பாக்கலன்னு நெனைக்கிறேன். தெரிஞ்சா நாளைக்கே நிறுத்திடுவாரு. நான் கூப்ட்டதாலதான் ஆச்சு, எம் பொண்ணுக்குப் படிப்பு போகக்கூடாது" என்றாள். தலையை ஆட்டினேன்.

மறுநாள் காலை பிள்ளைகள் எல்லாரும் புளியமரத்தடிக்கு வந்துவிட்டார்கள், பத்மாவைத் தவிர. மதார் பாய் வந்து பஸ்ஸை நிறுத்தி, கடைப் பக்கம் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஹாரன் அடிக்கவில்லை. அப்போது கடைக்குள்ளிருந்து பத்மாவின் அப்பா வெளியே வந்தார். ஒரு கையில் பத்மா, ஒரு கையில் மூட்டை தைக்கிற சணல் கயிறு. பின்னால் முகம் வெளுத்துப்போய் ரங்கம்மா. அவர் நேரே என்னிடம் வந்து நின்றார்.

"நேத்து எல்லாத்தியும் பாத்தேம்மா. எழுந்து ஓடலாம்னா காலு வரல" என்றார். ரங்கம்மா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "நிறுத்திடறதுன்னுதான் முடிவு பண்ணிட்டேன். காலைல இவ வந்து ஒத்தக் கால்ல நின்னு காட்றா. 'ஹாரன் கேட்டா இப்டி நிக்கணும் நைனா, உனக்குத் தெரியாதா?'ன்றா. தெரியாதுன்னேன்." மூக்கை உறிஞ்சினார்.

பிறகு என் கையிலிருந்த வாரை வாங்கினார். தோல் என்று பார்க்காமல் இரண்டு கையாலும் வாங்கினார். தையலை இழுத்துப் பார்த்தார், வளையத்தில் விரல் விட்டுப் பார்த்தார். சரக்கு வாங்குகிறவர் பார்ப்பதுபோல் முழுசும் பார்த்துவிட்டு, என் கை பிடிக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே சணல் கயிற்றில் ஒரு வளையம் கட்டி, பத்மாவின் உள்ளங்கையை அதில் வைத்து அமுக்கினார். கடைசி வளையமோ நடு வளையமோ இல்லை, முதல் வளையம். பத்மா இன்ஜினுக்குப் பக்கத்துப் பெட்டி ஆகிவிட்ட சந்தோஷத்தில் எம்பி எம்பிக் குதித்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவும் தோன்றவில்லை. அவரும் என் முகத்தைப் பார்க்காமல், முடிச்சை இன்னொரு தடவை இறுக்கிவிட்டுச் சொன்னார்: "மூட்ட கட்ற முடிச்சு எஸ்தரம்மா. எந்த மூட்டையும் இதுவரைக்கும் அவுந்ததில்ல."

இத்தனை வருஷம் இந்த வேலை செய்ததில் நான் கண்டது என்னவென்றால், பிள்ளைகளை ரோட்டில் நிற்க வைக்க ஒரு கடலை மிட்டாய் போதும், எதிர்ப்பக்கத்திலிருந்து ஆசையாய்க் கூப்பிடுகிற பெற்றவர்களை நிற்க வைப்பதுதான் பெரிய பேஜார்.